ஒரு முழுக் கடலை

மென்றுவிட்டாள். பதினொரு தடவை. எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் எண்ணினேன். பிறகு விழுங்கினாள், தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது, அவ்வளவுதான், இனி விரலை விட்டுத் தோண்டினாலும் வராது. ஜெபராணி சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்து அட்டையில் ஒன்பது நாற்பது என்று எழுதினார். "வாயத் திற பாப்பா, நாக்கத் தூக்கு, ம், போயிருச்சு. இனி ரெண்டு மணி நேரம் உக்காந்த எடத்துலயே இருக்கணும். ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, சரியா?" பூவிகா தலையாட்டினாள். ஏழு வயதுப் பிள்ளை, கட்டிலில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஒரு மயிலுக்குக் கலர் அடிக்க ஆரம்பித்துவிட்டாள், நடந்ததில் தனக்குச் சம்பந்தமே இல்லாத மாதிரி. இதுவரைக்கும் பொடிதான். பதினோரு மாதத்துக்கு முன்னால் இதே மதுரை ஆஸ்பத்திரியில், இதே மூன்றாம் மாடியில், மசித்த வாழைப்பழத்தில் கலந்து கொடுத்தார்கள், ஊசிமுனையில் ஒட்டுகிற தூசி அளவு கடலைப் பொடி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இங்கே வந்து அளவைக் கூட்டுவார்கள், அதே அளவை வீட்டில் தினமும் நான் கொடுக்க வேண்டும், மறுபடி பஸ் ஏறி வர வேண்டும், மறுபடி கூட்டுவார்கள். இன்றைக்குத்தான் முழுசாக ஒன்று. வறுத்து, தொலி நீக்கின ஒரே ஒரு நிலக்கடலை. தெருவுக்குத் தெரு கடலை மிட்டாய் போடுகிற கோவில்பட்டியில் பிறந்த பிள்ளைக்கு, ஏழு வயதில்தான் ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டு மெல்ல வாய்த்திருக்கிறது. மயிலின் கழுத்துக்கு நீலம் தேடுகிறாள். உதடு நன்றாக இருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது.

உதட்டையே பாருங்க, ஆனா நீங்க பாக்குறது அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று நஸ்ரின் டாக்டர் சொல்லியிருக்கிறார். எப்படிப் பார்ப்பது தெரியாமல்? ஜன்னலைப் பார்க்கிறேன், ஜன்னலிலிருந்து சுவர் நாட்காட்டிக்கு, நாட்காட்டியிலிருந்து அவள் உதட்டுக்கு, மறுபடி ஜன்னலுக்கு. ஒன்பது நாற்பத்தெட்டு. அன்றைக்கு எட்டு நிமிடம்கூட ஆகவில்லை. பதினான்கு மாதக் குழந்தை, இடுப்பில் இருந்தாள், பக்கத்து வீட்டு சரோஜா அக்கா கடலை மிட்டாயில் ஒரு துணுக்கை உடைத்து நாக்கில் வைத்தாள், சப்பிக்கிட்டுக் கெடக்கட்டும் என்று. நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் முகத்தில் எங்கேயோ ஒட்டிக்கொண்டு இருக்கிறது, கழுவக் கழுவப் போகவில்லை. முதலில் கீழுதடு தடித்தது, பிறகு கண் இமைகள், பிறகு உடம்பு முழுக்கத் தடிப்பு தடிப்பாக, பிறகு மூச்சு. மூச்சு இழுக்கும்போது ஒரு விசில் வந்ததே, அந்தச் சத்தம். பிரஷர் குக்கர் விசிலைக்கூட அதற்கப்புறம் என்னால் நிம்மதியாகக் கேட்க முடியவில்லை. ஆட்டோக்காரர் ஆரனிலிருந்து கையை எடுக்காமலே அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டியூட்டி டாக்டர், மீசை சரியாக முளைக்காத பையன், ஒன்றும் கேட்கவில்லை, தொடையில் ஊசியைக் குத்தினான். கொஞ்ச நேரத்தில் வீறிட்டு அழுதாள். அந்த அழுகைக்காக அந்தப் பையன் காலில் விழுந்தேன். அவன் பின்னால் நகர்ந்து, "அய்யய்யோ எந்திரிங்க அக்கா" என்றான். அதற்கப்புறம் இந்த ஆறு வருஷமும் என் கைப்பையில் அந்த மருந்தும் சிரிஞ்சும் இல்லாமல் நான் வாசல்படி தாண்டியதில்லை. ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகினேன். இப்போதும் மடியில் இருக்கிறது பை. இங்கே சிஸ்டர் கையெட்டும் தூரத்தில் எல்லாம் வைத்திருக்கிறார், ஆனாலும் என் பையை நான் கீழே வைக்க மாட்டேன்.

பத்து மணி. சிஸ்டர் வந்து விரல்நுனியில் கிளிப் மாட்டிப் பார்த்தார், முதுகில் ஸ்டெத் வைத்துக் கேட்டார், "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்லாருக்கு. இவளுக்கு எதிர்ப்பு சக்தி கம்மி என்றுதான் நான் முதலில் நினைத்தேன், ஊரே அப்படித்தான் சொன்னது, சத்தாக எதையாவது கொடு என்று. நஸ்ரின் டாக்டர்தான் முதல் நாள் பொறுமையாகச் சொன்னார். "கம்மியும் இல்ல, ஜாஸ்தியும் இல்லம்மா. அது கடலைய ஆள் தப்பாப் புரிஞ்சு வெச்சிருக்கு. கிருமி வந்துருச்சுன்னு நெனச்சு மொத்த ஊரையும் எழுப்பிவிடுது. அதுதான் தடிப்பு, அதுதான் மூச்சுத் திணறல்." அப்புறம் ஒரு தாளை எடுத்துக் குடலை வரைந்தார், அதன் ஓரமாகக் குட்டிக் குட்டி வட்டங்கள். "நாம தினமும் சாப்பிடுற அத்தனையும் உடம்புக்கு வெளியாளுதான். ஆனாலும் சண்டை வர்றதில்ல. ஏன்னா இங்க இருக்கிற சில செல்களோட வேலையே, இது சாப்பாடு, சும்மா இருங்கன்னு மத்ததுகிட்ட சொல்றதுதான். உங்க பொண்ணுக்குக் கடலை விஷயத்துல அது நடக்கல. கொஞ்சம் கொஞ்சமா, உடம்பு பதறாத அளவுல, தினமும் வாய் வழியாக் கொடுத்தா அது பழகிக்கும். எல்லாப் பிள்ளைக்கும் முழுசாப் பழகும்னு சத்தியம் பண்ண மாட்டேன். நிறையப் பிள்ளைக்குப் பழகுது." அப்போதுதான் இவர், பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், கேட்டார்: "டாக்டர், வாய் வழியாப் போகாம தோல் வழியாப் போனா?" டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். பாவம், அவருக்கு இவர் யார் என்று தெரியாது. "நல்ல கேள்வி. சின்ன வயசுல கரப்பான் இருந்துச்சா? தோல் வெடிச்சு இருக்கும்போது அந்த வழியா உள்ள போனா, சில பிள்ளைங்களுக்கு உடம்பு அத எதிரின்னு பதிஞ்சு வெச்சுக்குதுன்னு ஆராய்ச்சியில சொல்றாங்க." கரப்பான் இருந்தது. கன்னத்தில், முழங்கை மடிப்பில், காதுக்குப் பின்னால், நீர் கசியக் கசிய. இவர் கடலை மிட்டாய் கம்பெனியில் பதினேழு வருஷம் பாகு மாஸ்டர். சாயங்காலம் வேலை முடிந்து, தொலித் தூசியும் வெல்லமும் அப்பின சட்டையோடு வாசலில் வரும்போதே, குழந்தை இரண்டு கையையும் நீட்டும். இவர் தூக்குவார். அது கன்னத்தை அந்தச் சட்டையில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து... அன்றைக்கு ஊர் திரும்பும் பஸ்ஸில் இவர், சாத்தூர் தாண்டும்போது முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டார். தூங்குகிறார் என்று நினைக்க ஆசைப்பட்டேன்.

அவர் தன்னைத்தானே திட்டிக்கொண்டதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. நாலைந்து நாள் கழித்து, பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டு யாரோ பிள்ளை பிறந்தநாளுக்குக் கொண்டுவந்த மிட்டாயில் கடலை இருக்கிறது, பூவிகாவைத் தனி ரூமில் உட்கார வைத்திருக்கிறோம் என்றார்கள். போய்ப் பார்த்தால் ஆபீஸ் ரூமில் பீரோவுக்குப் பக்கத்தில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருக்கிறாள். அழவில்லை. அவள் அழாததுதான் என்னைக் கிறுக்காக்கியது. வீட்டுக்கு வந்ததும் இவரைப் பார்த்துச் சொன்னேன், "ஒங்க சட்டைதான் எம்புள்ளைக்கு எமன்." சொல்லிவிட்டேன். எவ்வளவு சின்ன வார்த்தைகள், மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. மறுநாள் இவர் கம்பெனிக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. இப்போது ஹார்டுவேர் கடையில் பெயிண்ட் டப்பா எடுத்துக் கொடுக்கிறார். பாகு கம்பிப் பதத்துக்கு வந்ததை வாசத்திலேயே சொல்கிற மனுஷன். அதுகூடப் பரவாயில்லை. இப்போதெல்லாம் வீட்டுக்கு வந்து குளித்து, துணி மாற்றி, அதற்கப்புறமும் பிள்ளையைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு நொடி கையைப் பார்த்துக்கொள்கிறார். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி அடுப்பைப் பார்ப்பேன். பத்து இருபது. உதடு நன்றாக இருக்கிறது. ஆனால் இது இல்லை நான் நினைக்க வேண்டியது, இதற்கு அடியில் ஒன்று இருக்கிறது, அதன் பக்கம் போகும்போதெல்லாம் மனது நழுவிக்கொள்கிறது, ஜன்னலுக்கு, நாட்காட்டிக்கு, உதட்டுக்கு. இரண்டாவது தடவை நான் மட்டும் வந்தேன். அன்றைக்குக் கேட்டேன், "சட்டையாலதான டாக்டர் இவளுக்கு வந்துச்சு?" என்று. ஆமாம் என்று சொல்லட்டும் என்றுதான் கேட்டேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படிச் சொல்லவே முடியாதும்மா. உங்க ஊர்ல எத்தனை அப்பாமாரு அந்தச் சட்டையோட பிள்ளையத் தூக்குறாங்க, அத்தனை பிள்ளைக்குமா வந்துச்சு? இவளோட தோல் பொறப்புலயே அப்படி. டாக்டர்கிட்டக் காட்டி, ஆறு மாசத்துலயே கடலைய மசிச்சு வாயில கொடுத்துப் பழக்கியிருந்தா ஒருவேளை வராமயும் போயிருக்கலாம். ஆனா அத உங்களுக்கு அப்ப யாரும் சொல்லல. யார் தப்பும் இல்ல. வீட்டுக்காரர்கிட்டயும் இத அவசியம் சொல்லுங்க." தலையாட்டினேன். சொல்லவில்லை. பதினோரு மாதமாகச் சொல்லவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். கடலை பித்தம், பிள்ளைக்கு ஆகாது என்று ஒரு வருஷம்வரை வாயில் வைக்க விடாதது நான். அவர் சட்டைமேல் தப்பில்லை என்று ஒத்துக்கொண்டால் என் பங்கு என் மடியில் வந்து விழும். அதனால் மொத்தத்தையும் அவர் தலையிலேயே வைத்துவிட்டு, தினமும் காலையில் நல்லவள் மாதிரி கடலைப் பொடியைக் கலந்து பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன்.

பாதி வழியில் ஒருமுறை சறுக்கியது. ஆறாவது மாதம் லேசாக உடம்பு சுட்டது, சாதாரணச் சூடுதானே என்று பொடியைக் கொடுத்துவிட்டேன், கால் மணி நேரத்தில் வாந்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். டாக்டர் திட்டவில்லை, காய்ச்சல் நாளில் உடம்பு சீக்கிரம் பதறும் என்று முன்னாலேயே சொல்லியிருக்கிறேனே என்று மட்டும் சொன்னார். அளவைப் பாதியாகக் குறைத்து மறுபடி ஏறினோம். விட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். வேண்டாம், விடக் கூடாது என்று சொன்னது இவர்தான். அன்றைக்கு என்னை ஒரு குறைகூடச் சொல்லவில்லை. என் தப்பு அது, என் தப்பு என்று எல்லோருக்கும் தெரிந்த தப்பு, அதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றைக்கும் கூட வந்திருக்கிறார். ஒருத்தர்தான் உள்ளே இருக்கலாம் என்பதால் கீழே மருந்துக் கடைக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். லிஃப்ட்வரைக்கும் பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு வந்து, லிஃப்ட் கதவு திறந்ததும் விட்டுவிட்டார்.

"அம்மா, கழுத்து அரிக்கி." பத்து முப்பத்தைந்து. காதுக்குக் கீழே ஒன்று, உளுந்து அளவு சிவப்பு. கொசுக்கடியாக இருக்கும். ஏசி ரூமில் ஏது கொசு, பஸ்ஸில் கடித்திருக்கும், பஸ்ஸில் கடித்தது இப்போதா அரிக்கும். சொறியாதே கண்ணு, கையை எடு. பக்கத்தில் இன்னொன்று. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தண்ணீரில் விழுந்த மை மாதிரி, மூன்றாவது. சிஸ்டர் என்று கத்தினேனா, வாயை மட்டும் திறந்தேனா தெரியவில்லை, அவர் வந்துவிட்டார். நான் இவருக்கு போனைப் போட்டேன். "மேல வாங்க" என்றேன். நஸ்ரின் டாக்டர் நடந்துதான் வந்தார். நடந்து வருகிறார் என்றால் ஒன்றுமில்லை, ஓடி வரவில்லை, ஓடி வரவில்லை. மார்பில் ஸ்டெத் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அந்த விசில். அவருக்கு இப்போது அந்த விசில் கேட்கிறதா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "பூவிகா, உங்க டீச்சர் பேரென்ன?" "மெர்சி டீச்சர்." "தொண்டையில அடைக்கிற மாதிரி இருக்கா? வயிறு வலிக்குதா?" "இல்ல. அரிக்கி மட்டுந்தான்." "மூச்சு சுத்தமா இருக்கு, பிரஷர் நல்லாருக்கு," டாக்டர் என் பக்கம் திரும்பினார், "மூணு தடிப்பு, அவ்வளவுதான். சிரப் கொடுப்போம். வேற எதுவும் வந்துச்சுன்னா உடனே ஊசி. நான் இங்கயேதான் நிக்கிறேன்." நின்றார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் என் பையை எப்போது திறந்தேன், சிரிஞ்சு எப்படிக் கைக்கு வந்தது என்று தெரியவில்லை. சிஸ்டர்தான் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அதை வாங்கிப் பையில் திரும்ப வைத்தார்.

இவர் படியிலேயே ஏறி வந்திருக்கிறார், மூன்று மாடியும், லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. வாசலில் மூச்சு வாங்க நின்றார். "உள்ள வாங்க, பரவால்ல" என்றார் டாக்டர். வந்தவர் பிள்ளை பக்கத்தில் போகவில்லை. கட்டிலுக்கு ரெண்டடி தள்ளியே நின்றுகொண்டு, என்னைப் பார்த்துக் கேட்டார், "லிஃப்ட்டுகிட்ட கையப் புடிச்சனே, அதனாலயா செம்பகம்?" அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்த பிள்ளைகள் நிற்குமே, அந்த மாதிரி. கடையில் வேலைக்குச் சேர்ந்து பத்து மாதம் ஆகிறது, கடலையைத் தொட்டே பத்து மாதம் ஆகிறது, இந்த மனுஷன் இன்னும் தன் கையில் அது இருக்கிறது என்று நினைக்கிறார். "இல்லங்க. இல்லவே இல்ல. ஒங்களால எதுவுமே இல்ல" என்றேன். அவர் தலையைக் குனிந்தார், ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தார் போல. டாக்டர் முன்னால், சிஸ்டர் முன்னால், பிள்ளை முன்னாலேயே சொன்னேன். "டாக்டரம்மா அப்பவே சொல்லிட்டாங்க. சட்டையால வந்ததுன்னு சொல்லவே முடியாதுன்னு. ஒங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க. நாந்தான் சொல்லல. சின்னதுலயே வாயில குடுத்துருந்தா வராமக்கூடப் போயிருக்கும்னாங்க, குடுக்க விடாதது நானு. அதச் சொல்ல எனக்குப் பயமா இருந்துச்சு. ஒங்க மேலயே போட்டுட்டேன்." அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "நீயும் வேணும்னா செஞ்ச?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பின்னால் கட்டியிருந்த கைகள் பிரிந்தன. கட்டிலில் போய் உட்கார்ந்தார். பூவிகா அவர் தோளில் சாய்ந்துகொண்டாள், "அரிக்கிப்பா, ஆனா சொறியக் கூடாதாம்." அவர் அந்தக் கழுத்தில், தடிப்புக்கு ஓரமாக, மெதுவாக ஊதிவிட்டார்.

பதினொன்று பத்து ஆகியும் நாலாவது தடிப்பு வரவில்லை. பதினொன்று முப்பதுக்கு முதல் தடிப்பின் ஓரம் மங்கியது, இல்லை எனக்கு அப்படித் தோன்றுகிறதா, இல்லை, மங்கித்தான் இருக்கிறது, சிஸ்டரும் சொல்கிறார். கூட ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போங்கள் என்றார்கள். அந்த ஒரு மணி நேரம் எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. நான் தூங்கவில்லை, ஆனால் உதட்டைப் பார்க்கவில்லை. இவர் பார்த்துக்கொண்டார். உள்ளே அந்தக் குட்டி வட்டங்கள் இப்போது என்ன பேசிக்கொண்டிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். பாதி ஊரை எழுப்பிவிட்டு, பிறகு யாரோ ஒருத்தர் எழுந்து நின்று, இரு, இது தெரிஞ்ச ஆளுதான், தினமும் வருது, பதினோரு மாசமா வருது, போய்ப் படுங்க என்று சொல்லியிருப்பார்கள். ஒரேயடியாக எல்லோரும் கேட்டிருக்க மாட்டார்கள். மூன்று பேர் கேட்காமல் சண்டைக்கு வந்திருக்கிறார்கள், அவர்களும் போய்விட்டார்கள். முதல் தடவை அந்த ஊரே எரிந்தது. இன்றைக்கு மூன்று தடிப்பு. பன்னிரண்டரைக்கு டாக்டர் மறுபடி முழுசாகப் பார்த்தார், அட்டையில் எழுதினார். "அளவக் கூட்ட வேண்டாம். ஒரு மாசத்துக்கு இதே ஒண்ணு, தினமும், நல்லா வறுத்தது. சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் ஓட்டம் கூடாது. காய்ச்சல்னா போன் பண்ணிட்டுத்தான் கொடுக்கணும். ஊசி மருந்து எப்பவும் பையில இருக்கணும். கொணமாயிருச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆனா தெரியாம ஒரு துணுக்கு வாயில போனா என்னாகும்னு போன வருஷம் இருந்த பயம் இனி இருக்க வேண்டாம்." ஸ்கூலில் தனியா உட்கார வைக்கிறார்களே என்று கேட்டேன். "லெட்டர் தர்றேன். எல்லாரோடயும் உக்காந்து சாப்பிடட்டும்" என்றார்.

பூவிகா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பென்சில்களை டப்பாவுக்குள் அடுக்கிக்கொண்டே, "தெனமும் ஒண்ணு திங்கணுமா?" என்றாள். ஆமா என்றேன். மூக்கைச் சுருக்கினாள். "நல்லாவே இல்லம்மா. மண்ணு மாதிரி இருக்கு. இதையா எல்லாரும் வாங்கி வாங்கித் திங்காங்க?" நாங்கள் மூன்று பேரும், டாக்டரும் நானும் சிஸ்டரும், ஒரு நொடி விழித்தோம். முதலில் சிரித்தது இவர்தான். வயிறு குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, இந்த ஒரு வருஷத்தில் நான் கேட்காத சிரிப்பு. "அது கடலையோட குத்தம் இல்லடா," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே, "வறுத்தவன் அவசரப்பட்டுட்டான். உள்ள வேகல. சட்டி காய்ஞ்சதும் மணலப் போட்டு, மணல் சுட்டப்புறம் கடலையப் போட்டு, கைய நிறுத்தாமக் கிண்டணும்." சொல்லிக்கொண்டே அவர் வலது கை காற்றில் கிண்ட ஆரம்பித்திருந்தது. அதைக் கவனித்ததும் சட்டென்று நிறுத்திக்கொண்டார். பூவிகா அந்தக் கையைப் பிடித்தாள். "அப்ப நீங்களே வறுங்கப்பா."

அவர் என்னைப் பார்த்தார். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "போற வழியில பச்சக் கடலை வாங்கிக்கிடுவோம்" என்றேன்.